ஐந்நூறு ரூபாய் மிச்சம்

டிஸ்கி: நான் பி.காம். மாணவன், மெக்கானிக் கிடையாது. இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்பேனரோடு காருக்கு அடியில் புகுந்துவிட வேண்டாம். புகக் கூடாது என்று சொல்லத்தான் பாதிப் பதிவு.

எங்கள் வீட்டு மாருதி 800, கிருஷ்ணகிரி மாவட்டம், நான். மூன்றுக்கும் ஒரே வயசு. 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி தர்மபுரியிலிருந்து பிரிந்து எங்கள் மாவட்டம் உருவானது. கார் அதே வருஷத்து மாடல். நானும் அதே வருஷத்து மாடல். மூன்று பேரில் அதிகம் உழைத்தது கார்தான் என்று அப்பா சொல்வார். எனக்குக் கோபம் வராது. உண்மைதானே!

அப்பாவுக்குப் புளி வியாபாரம். அஞ்செட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வாங்கிச் சேர்த்துத் தேன்கனிக்கோட்டையிலோ ஓசூரிலோ கொடுப்பார். சில சமயம் கொள்ளும் ராகியும் உண்டு. டெம்போ வாடகை கட்டுப்படியாகாத நாளில் மாருதியின் பின் சீட்டை மடக்கிவிட்டு மூட்டைகளை அடுக்கிவிடுவார். நாலு பேர் போவதற்காகச் செய்த வண்டி அது. அது என்ன பாவம் செய்ததோ, வருஷக்கணக்காகப் புளி சுமந்தது.

எங்கள் ஊர் ரோடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அஞ்செட்டியிலிருந்து ஓசூர் போக வேண்டுமென்றால் தேன்கனிக்கோட்டை வழியாகத்தான் போக வேண்டும். ஊரைத் தாண்டியதும் காடு. ஏற்றம், இறக்கம், வளைவு. யானை கடக்கும் இடம். ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் யானைகள் கர்நாடகக் காட்டுப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வரும். அவற்றுக்கு மாநில எல்லை தெரியாது. எங்களுக்கு மட்டும்தான் தெரியும். :)

அப்படி ஒரு சாயங்காலம், நான் கல்லூரி முதல் வருஷம் படிக்கும்போது, ஒரு வளைவு திரும்பியதும் ரோட்டு ஓரத்தில் யானை நின்றது. அப்பா பிரேக் மிதித்தார். வண்டியின் மூக்கு தரையை முகர்வது போல இறங்கியது, வால் தூக்கியது, பின்பக்கம் ஒரு முழம் பக்கவாட்டில் நகர்ந்தது. எப்படியோ நின்றோம். யானை எங்களை மதிக்கவே இல்லை. புல்லைப் பிடுங்கிக்கொண்டு இருந்தது. வீடு வந்து சேர்கிற வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கியதும், "ஷாக் போயிடுச்சுடா. மாத்தியே ஆகணும்" என்றார்.

ஷாக் என்ன செய்கிறது?

நானும் உங்களைப் போலத்தான் நினைத்திருந்தேன், ஷாக் அப்சார்பர்தான் வண்டியைத் தாங்குகிறது என்று. தப்பு. எடையைத் தாங்குவது ஸ்ப்ரிங். பள்ளத்தில் விழுந்தால் அதிர்ச்சியை முதலில் வாங்குவதும் ஸ்ப்ரிங்தான். ஆனால் ஸ்ப்ரிங்குக்கு ஒரு கெட்ட பழக்கம், ஒரு தடவை அமுக்கினால் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகள். வண்டி ஆடும்போது எண்ணெய் அந்த ஓட்டைகள் வழியே நெருக்கியடித்துப் போக வேண்டும். ஆட்டத்தின் சக்தி எண்ணெயில் சூடாக மாறிப் போய்விடுகிறது. அவ்வளவுதான் மேட்டர்.

ஷாக் செத்துவிட்டால் ஆட்டம் நிற்காது. டயர் ரோட்டில் ஒட்டாமல் குதிக்கும். குதிக்கிற டயருக்குப் பிரேக் பிடிக்காது. அதனால்தான் அன்றைக்கு வண்டி வழுக்கியது. சொகுசு சமாச்சாரம் என்று நாம் நினைக்கிற இது, உண்மையில் பிரேக் சமாச்சாரம்.

உங்கள் வீட்டுப் பழைய காரை இப்படிப் பார்க்கலாம்:

1. ஒரு மூலையில் கையை வைத்துப் பலமாக அமுக்கிவிட்டு விடுங்கள். ஏறி, கொஞ்சம் இறங்கி, நின்றுவிட வேண்டும். அதற்கு மேலும் ஊஞ்சல் ஆடினால் ஷாக் போச்சு.
2. ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து, அதில் மண் அப்பிக் கிடக்கிறதா?
3. டயரின் மேல் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் டயர் குதித்திருக்கிறது என்று அர்த்தம்.
4. சமதளத்தில் நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்ப்ரிங் உட்கார்ந்துவிட்டது, இல்லை உடைந்தே போயிருக்கிறது.

எங்கள் வண்டி நாலு பரீட்சையிலும் ஃபெயில். முன்னால் ஷாக் ஒழுகியது. பின்னால் புளி மூட்டை புண்ணியத்தில் ஸ்ப்ரிங் உட்கார்ந்துவிட்டது. நாலு ஷாக், நாலு ஸ்ப்ரிங் என்று முடிவானது. ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. முன்னால் என்றால் இரண்டும், பின்னால் என்றால் இரண்டும். ஒரு கால் செருப்பும் ஒரு கால் ஷூவும் போட்டு நடந்தால் எப்படி இருக்கும்?

பேரம்

பொருளை ஓசூரில் வாங்கினோம். மாட்டுவதற்கு ரோட்டோரப் பட்டறை ஒன்றுக்குப் போனோம். ஊரும் பேரும் வேண்டாம். மெக்கானிக் அண்ணன் நல்ல மனுஷன், வேலை தெரிந்தவர். அவரிடம் ஒரு பையன் உதவிக்கு இருந்தான். என் வயசுதான். பத்தாவதோடு நிறுத்திவிட்டு வந்தவன்.

அண்ணன் கூலி 1,500 கேட்டார்.

நான் பி.காம். அல்லவா? "கணக்கைப் பிரிச்சுச் சொல்லுங்கண்ணா" என்றேன். அவர் பிரித்தார். வேலைக்கு ஆயிரம். முன்பக்க ஸ்ப்ரிங்கை அமுக்கிப் பிடிக்க ஒரு கருவி வேண்டும், ஸ்ப்ரிங் கம்ப்ரெஸர். அது அவரிடம் இல்லை. ஓசூரில் தெரிந்தவரிடம் வாடகைக்கு எடுத்து, போய்வரும் பஸ் காசோடு ஐந்நூறு.

"அது இல்லாம செய்யவே முடியாதா?" என்று கேட்டேன்.

"செய்யலாம் தம்பி. கம்பி கட்டிச் செய்வோம்."

"அப்ப அப்படியே செஞ்சிடுங்கண்ணா. ஐந்நூறு மிச்சம்."

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். படிப்பு வீண் போகவில்லை என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

கம்பி

மாருதி 800-இன் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபெர்சன் என்கிற அமெரிக்க இன்ஜினியர் வடிவமைத்தது. 1950-இல் இங்கிலாந்தில் வந்த ஃபோர்டு கான்சலில் இருந்தது. இன்றைக்கும் உலகத்தில் பெரும்பாலான சின்னக் கார்களின் முன்பக்கம் இதுதான். ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் தனித்தனியாக இல்லாமல், ஷாக்கைச் சுற்றியே ஸ்ப்ரிங் உட்கார்ந்திருக்கும். இடம் மிச்சம், செலவு மிச்சம். ஆனால் ஷாக்கை மட்டும் மாற்ற வேண்டும் என்றாலும் ஸ்ப்ரிங்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இதில் ஆளை ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. காரிலிருந்து முழு ஸ்ட்ரட்டையும் கழற்றித் தரையில் வைத்துவிட்டால், 'வண்டியின் எடைதான் இல்லையே, ஸ்ப்ரிங் ஓய்வாக இருக்கிறது' என்று தோன்றும். இல்லை. அப்போதும் அது அமுங்கித்தான் இருக்கிறது. மேலே நடுவில் இருக்கிற ஒரே ஒரு நட்டுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த நட்டைக் கழற்றினால், அதன் பிறகு ஸ்ப்ரிங்கைப் பிடிக்க உங்கள் கைதான் இருக்கும்.

கம்பி கட்டினார்கள். கட்டுக்கம்பியை ஸ்ப்ரிங்கின் சுருள்களில் மூன்று இடத்தில் முறுக்கினார்கள். இடது பக்கம் சிக்கல் இல்லாமல் முடிந்தது. அதுதான் எங்களுக்குத் தைரியம் கொடுத்தது. வலது பக்கம் பழைய ஸ்ப்ரிங்கில் துரு அதிகம். அண்ணன் நட்டைத் திருக, பையன் ஸ்ட்ரட்டைக் கட்டிப்பிடித்திருந்தான். நான் ரெண்டடி தள்ளி நின்று செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் மட்டும் தெரியும். துப்பாக்கிச் சத்தம் மாதிரி. நிமிர்ந்து பார்த்தபோது மேல் தட்டு பட்டறையின் தகரக் கூரையில் அடித்துக் கீழே விழுந்து உருண்டுகொண்டிருந்தது. கூரையில் ஒரு குழி. பையன் வலது கையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அழவில்லை. "ஒண்ணும் இல்லண்ணா, ஒண்ணும் இல்ல" என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். வேலை கெட்டுவிட்டது என்று திட்டுவாரோ என்கிற பயம் அவனுக்கு.

ஆள்காட்டி விரலும் நடு விரலும் உடைந்திருந்தன. எங்கள் காரில் போக முடியாது, அதற்கு ஒரு சக்கரம்தான் இல்லையே. ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஒரு கணக்கு

அப்புறம் ஃபிஸிக்ஸ் படிக்கும் நண்பனிடம் கேட்டேன், ஒரு ஸ்ப்ரிங்குக்குள் அப்படி என்னடா இருக்கிறது என்று. அவன் காகிதத்தில் போட்டுக் காட்டினான். உதாரணத்துக்கு, ஒரு மில்லிமீட்டர் அமுக்க இரண்டு கிலோ எடை தேவைப்படும் ஸ்ப்ரிங் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பதினைந்து சென்டிமீட்டர் அமுக்கினால் அது 300 கிலோ எடையோடு திருப்பித் தள்ளும். அதற்குள் சேர்ந்திருக்கும் சக்தி, ஐந்து கிலோ கல்லை நாலரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வருகிற அடி. அதாவது ஒன்றரை மாடி உயரத்திலிருந்து விழும் கல். கல் விழுவதைப் பார்த்தால் நாம் நகர்ந்துகொள்வோம். ஸ்ப்ரிங்கில் அந்தக் கல் கண்ணுக்குத் தெரியாது. 1678-இலேயே ராபர்ட் ஹூக் எழுதி வைத்துவிட்டுப் போன விதிதான் இது, எவ்வளவுக்கு எவ்வளவு அமுக்குகிறாயோ அவ்வளவுக்கு அவ்வளவு திருப்பித் தள்ளும். கட்டுக்கம்பிக்கு இந்த விதி தெரியாது.

எப்படிச் செய்ய வேண்டும்?

அரைகுறையாக நின்ற வண்டியை வேறு வண்டியில் ஏற்றி ஓசூரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த ஃபிட்டர் அண்ணன், நான் பக்கத்தில் நின்று பார்க்கச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: "ஸ்ப்ரிங்குக்கு நேரா நிக்காதீங்க தம்பி. பக்கவாட்டுல நில்லுங்க." அங்கே பார்த்ததும், பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டதும் இவை.

வண்டியைக் கெட்டியான சமதளத்தில் நிறுத்த வேண்டும், மண் தரையில் கூடாது. தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது.

முன்பக்கம்: பிரேக் ஹோஸை ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்த பிறகே ஸ்ட்ரட்டை இறக்க வேண்டும். பிரேக் பாகங்களை ஹோஸில் தொங்க விடக் கூடாது, கம்பியால் தனியே கட்டித் தொங்கவிட வேண்டும் (கட்டுக்கம்பிக்கு உகந்த வேலை இதுதான்). பானட்டுக்கு அடியில் தெரியும் நடு நட்டை இந்தக் கட்டத்தில் தொடவே கூடாது. ஸ்ட்ரட் முழுதாக வெளியே வந்த பிறகு, கம்ப்ரெஸர்களை ஸ்ப்ரிங்கில் எதிரெதிராக மாட்ட வேண்டும். ஒரு பக்கம் நாலு சுற்று, மறுபக்கம் நாலு சுற்று என்று மாற்றி மாற்றிக் கையால் திருக வேண்டும். அவசரப்பட்டு மெஷின் வைத்துத் திருகக் கூடாது. ஸ்ப்ரிங் மேல் தட்டை விட்டு விலகி, கையால் ஆட்டினால் ஆடுகிற அளவு அமுங்கிய பிறகுதான் நடு நட்டு. அப்போதும் முகமோ கையோ ஸ்ப்ரிங்கின் நேர்கோட்டில் இருக்கக் கூடாது. அமுக்கிய ஸ்ப்ரிங்கை அப்படியே தரையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகவும் கூடாது.

திரும்ப மாட்டும்போது ஸ்ப்ரிங்கின் நுனி, தட்டில் அதற்கென்று இருக்கிற படியில் சரியாக உட்கார வேண்டும். நடு நட்டு புதிதாகப் போட வேண்டும். மேல் மவுண்ட் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுவது லாபம்.

பின்பக்கம்: 2004 மாருதி 800-இல் பின்னால் ஸ்ப்ரிங் தனி, ஷாக் தனி. அதனால் சுலபம் என்று நினைப்பார்கள். இங்கேயும் பொறி உண்டு. சக்கரம் தொங்கும்போது ஆக்ஸில் அதற்கு மேல் கீழே போகாமல் பிடித்திருப்பது ஷாக்தான். அதன் போல்ட்டைப் பிடுங்கினால் ஆக்ஸில் சட்டென்று இறங்கும், ஸ்ப்ரிங் துள்ளும். அதனால் முதலில் ஆக்ஸிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்துத் தாங்கிக்கொண்டு, ஷாக்கைக் கழற்றி, ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கி ஸ்ப்ரிங்கைத் தளர விட வேண்டும். பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று ஒரு கண் அதன் மேல் இருக்க வேண்டும்.

புஷ் இருக்கிற போல்ட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்குவது வண்டி தன் எடையில் தரையில் நின்ற பிறகு. தொங்கும்போதே இறுக்கிவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட். அதை விட்டால் புது டயர் வாங்கும் செலவு சீக்கிரமே வீடு தேடி வரும்.

சுருக்கமாக: முன்பக்க ஸ்ப்ரிங்கை வீட்டில் யாரும் தொட வேண்டாம். கம்ப்ரெஸர் இருக்கிற பட்டறையைத் தேடிப் போங்கள். போனதும் முதல் கேள்வியாக "கூலி எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "கம்ப்ரெஸர் இருக்காண்ணா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வாடகைக்கு எடுக்கச் சொல்லி அந்தக் காசைக் கொடுங்கள்.

பேரேடு

எங்கள் ஓசூரின் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். லாரி செய்கிறார்கள், பைக் செய்கிறார்கள். 1961-இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா கம்பெனியின் ஷாக் அப்சார்பர் ஆலை ஒன்றே இருக்கிறது. தொழிற்சாலைக்குள் ஒரு ஷாக் பிறக்கும்போது எத்தனையோ பாதுகாப்பு விதிகள். அதே சரக்கு ஐம்பது கிலோமீட்டர் தாண்டி ரோட்டோரத்துக்கு வரும்போது அதற்குக் கட்டுக்கம்பியும் ஒரு பையனின் கையும்தான் மிச்சம். வேலையில் அடிபட்டால் முதலாளி ஈட்டுத்தொகை தர வேண்டும் என்று 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. நான் தொழிற்சட்டம் பேப்பரில் அதைப் படித்து மார்க்கும் வாங்கினேன். இரண்டு பேர் வேலை செய்யும் அந்தப் பட்டறையில் அப்படி ஒரு சட்டம் இருப்பதே யாருக்கும் தெரியாது. அந்த அண்ணனிடம் கொடுப்பதற்குக் காசும் கிடையாது.

அக்கவுன்ட்ஸில் தேய்மானம் என்று ஒரு பாடம். நேர்கோட்டு முறை, குறைந்து செல் இருப்பு முறை, எந்த முறையில் போட்டாலும் எங்கள் காரின் மதிப்பு இன்று பூஜ்யத்துக்குப் பக்கம்தான். 2019-இல் ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாய் கட்டினோம். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தை 5,000 ஆக்கினார்கள், 2024-இல் அதையும் கட்டினோம். அதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஷாக், ஸ்ப்ரிங், கூலி எல்லாம் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பையனுக்கு அப்பா ஆஸ்பத்திரிச் செலவு போக மூவாயிரம் கொடுத்தார். அதையும் எழுதப் போனேன். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை. பராமரிப்புச் செலவா? நட்டமா? தர்மமா? தர்மம் என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அது நாங்கள் அவனுக்குக் கொடுக்க வேண்டியிருந்த ஐந்நூறு. கொஞ்சம் தாமதமாக, வட்டியோடு போனது. ஆனால் கணக்கு தீரவில்லை.

மூன்று மாதம் அவன் வேலைக்குப் போகவில்லை. எலும்பு கூடிவிட்டது, ஆனால் அந்த இரண்டு விரலும் முழுசாக மடங்காது. ஸ்பேனர் பிடிக்க வராது. இப்போது ஓசூர் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பேக்கிங் வேலைக்குப் போகிறான். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது டீக்கடையில் பார்த்தேன். "வண்டி எப்படி ஓடுது?" என்று அவன்தான் முதலில் கேட்டான். "நல்லா ஓடுது" என்றேன். "ரைட்டு சைடு சத்தம் வருதா?" என்றான். வரவில்லை என்றேன். சந்தோஷப்பட்டான். இடது கையால் டீ கிளாஸை எடுத்துக் குடித்தான்.

அவனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை, கம்ப்ரெஸர் வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று. அன்றைக்கு நாங்கள் பேரம் பேசும்போது அவன் டீ வாங்கப் போயிருந்தான். எங்களுக்குத்தான்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிட்டேன்.

பி.கு.: அந்தப் பட்டறை அண்ணன் இப்போது சொந்தமாக ஒரு ஜோடி கம்ப்ரெஸர் வைத்திருக்கிறார். அப்பாதான் வாங்கிக் கொடுத்தார். இரண்டாயிரத்துக்குள்தான் ஆனது. பேரம் பேசாமல் வாங்கினார்.